வகுப்பில் வாய் திறக்காத மகனும் பள்ளிக்கூடம் போகப் பயப்படும் அம்மாவும்

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம். கடந்த ஏப்ரலில் கனடாவுக்கு வந்தோம். அகதிக் கோரிக்கை விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்டில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மகளுக்கு நாலு வயது, செப்டெம்பரில் ஜே.கே. என்ற பாலர் வகுப்புத் தொடங்கினாள். ஊரில் மகன் முதலாம் ஆண்டில் சில மாதங்கள்தான் படித்தான். பிறகு வரும் வழியில் ஒன்றரை வருடம் பள்ளிக்கூடமே இல்லை. அதை இங்கே படிவத்தில் நாங்கள் எழுதவில்லை. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, வகுப்பில் ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று மிஸ் எழுதி அனுப்பியிருக்கிறார். வீட்டில் இங்கிலிஷில் மட்டும் கதையுங்கள் என்று கணவரின் அக்கா சொல்கிறார். எனக்குத் தெரிந்த நாலு சொல்லை வைத்துக் கதைக்கிறேன். இரவு ஒன்பது மணி வரை சொற்களைக் கொப்பியில் எழுத வைக்கிறேன். பொறுமை கெட்டு அடிமட்டத்தால் ஒன்றிரண்டு தடவை அடித்தும் விட்டேன். இப்போது அடுத்த வியாழக்கிழமை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கேஸுக்கு ஏதும் பாதிப்பு வருமா? மொழிபெயர்க்க மகனையே கூட்டிக்கொண்டு போகவா? கணவருக்கு இரவு வேலை. நான் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டிய வயதில் முள்ளிவாய்க்காலில் நின்றவள், படிப்பு அத்தோடு சரி. இந்தப் பிள்ளைகளுக்கு நான் எப்படி உதவுவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன. வியாழக்கிழமை கிட்ட வந்துவிட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது உங்களை மட்டும் கூப்பிட்ட கூட்டம் அல்ல. ஒன்ராறியோ ஆரம்பப் பள்ளிகளில் முதலாவது முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வருவது இந்த நவம்பர் மாதத்தை ஒட்டித்தான். அதோடு சேர்த்து எல்லாப் பெற்றோரையும் ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வகுப்பு மிஸ் சந்திப்பார். எங்களுடைய ஊரில் அதிபர் "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றால் பெடியன் யன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான் என்று அர்த்தம். பள்ளிக்கூடங்களில் புதிதாக வந்த குடும்பங்களோடு இருபது வருடமாக வேலை செய்கிறேன். அந்தப் பழைய பயத்தோடு நடைபாதையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அம்மாக்களை ஒவ்வொரு நவம்பரிலும் பார்க்கிறேன். உள்ளே போனால் மிஸ் முதலில் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லுவார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதை நம்புவதில்லை. "சரி, இப்ப குறையைச் சொல்லுங்கோ" என்ற முகத்தோடு இருப்பார்கள்.

கேஸுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். உங்கள் கோரிக்கையை விசாரிப்பது மத்திய அரசின் குடிவரவு, அகதிகள் சபை. பள்ளிக்கூடம் மாகாணத்தின் கையில் இருப்பது. ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? பிள்ளையோ பெற்றோரோ அனுமதி இல்லாமல் நாட்டில் இருந்தால்கூட, அதைக் காரணம் காட்டிப் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. நீங்களோ முறையாகக் கோரிக்கை கொடுத்து, கையில் கடதாசியோடு இருக்கிறவர்கள். மகன் வகுப்பில் கதைக்கவில்லை என்பது எந்த விசாரணையிலும் ஒரு புள்ளி அல்ல.

ஆனால் அந்த ஒன்றரை வருடத்தை மறைத்தது பிழை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வழி நெடுக எதைச் சொன்னால் ஆபத்து, எதைச் சொல்லாவிட்டால் ஆபத்து என்று கணக்குப் பார்த்தே வந்தவர்களுக்குப் படிவத்தைக் கண்டதும் கை தயங்கும். ஆனால் இங்கே பிள்ளையை வகுப்பில் போடுவது பிறந்த ஆண்டைப் பார்த்து. அந்த ஆண்டில் ஏழு வயது நிறைந்தால் இரண்டாம் வகுப்பு, ஊரில் எவ்வளவு படித்தான் என்பது கணக்கில் இல்லை. ஆகவே அவன் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்த பிள்ளை என்று நினைத்துத்தான் மிஸ் அவனைப் பார்க்கிறார். எழுத்தே சரியாகப் பிடிபடாத பிள்ளை என்று அவருக்குத் தெரிந்தால் அவர் பார்க்கும் விதமே மாறும். ஆங்கிலம் மட்டும் தெரியாத பிள்ளைக்கு ஈ.எஸ்.எல். உதவி என்று ஒன்று இருக்கிறது. படிப்பே இடையில் அறுந்துபோன பிள்ளைகளுக்கு, எழுத்தறிவையும் சேர்த்துக் கட்டும் வேறு ஓர் உதவித் திட்டமும் இருக்கிறது. ஈ.எல்.டி. என்பார்கள். அது பெரும்பாலும் கொஞ்சம் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் என்றாலும், இடைவெளி பற்றிய குறிப்பு இப்போதே கோப்பில் ஏறிவிட்டால் மூன்றாம், நாலாம் வகுப்பு மிஸ்ஸுக்கும் அது போய்ச் சேரும்.

எவ்வளவு சொல்ல வேண்டும்? "இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை இவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை" என்ற ஒரு வசனம் போதும். எந்த வழியால் வந்தீர்கள், யார் கூட்டி வந்தார்கள், ஊரில் என்ன நடந்தது என்பதெல்லாம் மிஸ்ஸுக்குத் தேவையில்லை. அவர் கேட்கவும் மாட்டார். சொல்லும் மாதக் கணக்கு உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்த கணக்கோடு ஒத்துப்போகட்டும். சந்தேகம் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

மகனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம். ஒரு சந்திப்பில் நான் தற்செயலாக உள்ளே இருந்தேன். மிஸ் நாலு நிமிடம் கவலையோடு ஏதோ விளக்கினார். ஒன்பது வயது மகள் அம்மாவின் பக்கம் திரும்பி, "நான் நல்லாப் படிக்கிறனாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். சிரிப்பு வந்ததுதான். ஆனால் தன் குறையைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலையில் ஒரு குழந்தையை நாங்கள் வைக்கக் கூடாது. உங்கள் மகன் வகுப்பில் கதைக்காத பிள்ளை வேறு. நாளைக்கே பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போங்கள். "தமிழ் இன்டர்பிரெட்டர் பிளீஸ்" என்ற மூன்று சொல் போதும், அல்லது தமிழ் தெரிந்த ஒருவரைக் கோல் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். ரொறன்ரோ போன்ற பெரிய கல்விச் சபைகளில் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், நேரத்தோடு சொன்னால்தான் ஆள் கிடைக்கும். வியாழனுக்குள் கிடைக்காவிட்டால் சந்திப்பைத் தள்ளி வைக்கக் கேளுங்கள். தள்ளி வைக்கக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். இங்கே அது, இந்த அம்மா விளங்கிக்கொள்ள விரும்புகிறா என்றுதான் எடுக்கப்படும்.

இனி அந்த மௌனம். புது மொழிக்குள் திடீரென்று போடப்பட்ட சின்னப் பிள்ளைகளில் பலர் முதலில் வாயை மூடிக்கொள்வார்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம், ஒரு வருடம் வரை போன பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அந்த நேரம் காது வேலை செய்துகொண்டிருக்கும். மற்றப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அவனும் நிற்கிறானா, புத்தகத்தை எடு என்றால் எடுக்கிறானா, விளையாட்டு மைதானத்தில் யாரோடாவது ஓடுகிறானா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். "ஓம்" என்றால் உள்ளே வேலை நடக்கிறது. மகனின் வகுப்பில் தமிழ்ப் பிள்ளை யாராவது இருந்தால், அவனோடு தமிழில் குசுகுசுக்கிறானா என்பதும் முக்கியம். வீட்டிலும் கதை குறைந்துபோனால், தமிழ்ப் பிள்ளைகளோடும் வாய் திறக்காவிட்டால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், வேறு காரணம் தேட வேண்டும். எதற்கும் காதையும் கண்ணையும் ஒருதரம் பரிசோதித்துவிடுங்கள். கோரிக்கையாளர்களுக்கான மத்திய அரசின் இடைக்கால மருத்துவக் காப்பு உங்களுக்கு இருக்கும். அதைக் காட்டி மருத்துவரிடம் கேட்கலாம்.

உங்கள் மச்சாளின் ஆலோசனைக்கு வருகிறேன். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அதைக் கேட்காதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபம் உண்டு. நாங்கள் வந்தபோது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. அவனுடைய பள்ளிக்கூடத்தில் யாரோ அம்மாவிடம் வீட்டில் தமிழை நிற்பாட்டச் சொன்னார்கள். அம்மா வாத்திமார் சொல் தட்டாதவர், நிற்பாட்டிவிட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ஈட்", "ஸ்லீப்", "கோ", "டோன்ற்" என்று கதைத்தார். தம்பியின் ஆங்கிலம் எப்படியும் பள்ளிக்கூடத்தில் வந்திருக்கும், வந்தது. பதினைந்து வயதில் அவனுக்கு ஒரு பிரச்சினை வந்தபோது, அம்மாவுக்கும் அவனுக்கும் இடையில் இருந்தது அந்த நாற்பது சொல்தான். நடுவில் இருந்து மொழிபெயர்த்தவள் நான்.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்த ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர், இந்த ஊர்ப் பள்ளிகளில் படித்த குடியேறிய பிள்ளைகளின் விவரங்களை வைத்து 1981இல் எழுதியது இன்றைக்கும் எங்கள் வேலைக்கு அடிப்படை. விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் இரண்டு வருட அளவில் வந்துவிடும். பாடப் புத்தகத்தின் ஆங்கிலத்தில் இங்கே பிறந்த பிள்ளைகளோடு சமமாக நிற்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். ஏழு மாதத்தில் உங்கள் மகன் பின்தங்கிவிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. ஓட்டமே இன்னும் தொடங்கவில்லை. இன்னொன்றையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு மொழியில் விளங்கியது மற்ற மொழிக்குக் கடந்து போகும் என்பது அது. சோறு கொதிக்கும்போது பானை மூடியைத் தூக்கிக் காட்டி, "இந்தத் துளி எங்கேயிருந்து வந்தது?" என்று கேளுங்கள். நீர் ஆவியாகி மேலே போய், மூடியில் பட்டுக் குளிர்ந்து திரும்ப நீராகிறது என்று தமிழில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டால், வகுப்பில் அந்தப் பாடம் வரும் நாளில் அவன் படிக்க வேண்டியது ஆங்கிலப் பெயரை மட்டும்தான். விளங்காதவனுக்குப் பெயரும் புதிது, பொருளும் புதிது. நீங்கள் படிக்கவில்லை என்கிறீர்கள். பானையில் நடப்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா?

அதனால் உங்கள் வேலை இங்கிலிஷ் படிப்பிப்பது அல்ல. அதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். உங்களிடம் மட்டும் இருப்பது கதை. இரண்டாம் வகுப்பில் பிள்ளைகளிடம் ஓயாமல் கேட்பது ஒரு கதையைத் தொடக்கம், நடு, முடிவு என்று திருப்பிச் சொல்வதும், ஏன் அப்படி நடந்தது என்று காரணம் சொல்வதும்தான். இது எந்த மொழியிலும் பழகக்கூடியது. இரவு படுக்கும்போது ஊர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள். நாளைக்கு அதையே தங்கச்சிக்கு அவன் சொல்லட்டும். இடையில் "பிறகு?", "ஏன் அந்தக் கிழவி கதவைத் திறக்கவில்லை?" என்று கேளுங்கள். நந்திக்கடலில் இறால் பிடித்த கதை, உங்கள் அம்மம்மா வளர்த்த ஆட்டின் கதை, எதுவானாலும் சரி. 2009 பற்றிய கதை வேண்டியதில்லை. அவன் கேட்கும் வயதில் அதைச் சொல்லலாம்.

நூலகத்துக்குப் போங்கள். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் இருக்கின்றன, அட்டை இலவசம், புத்தகம் பிந்தினால் கட்டணம் என்பதும் இப்போது இல்லை. ஸ்காபரோக் கிளைகளில் தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும். ஆங்கிலப் படப் புத்தகத்தை எடுத்து வந்து, வாசிக்கத் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்து இரண்டு பேருமாகத் தமிழில் கதை கட்டுங்கள். மிஸ் அதே புத்தகத்தை வகுப்பில் வாசித்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவன் படம் வரைபவன் என்றால் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். அதைப் பற்றி அவன் சொல்வதைக் கீழே நீங்கள் தமிழில் எழுதுங்கள். அதை வியாழக்கிழமை கொண்டுபோய், ஆங்கில வரியை வகுப்பில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மிசிசாகாவில் தோர்ன்வுட் என்ற ஆரம்பப் பள்ளியில் இப்படித்தான் பல மொழிப் பிள்ளைகள் வீட்டு மொழியிலும் ஆங்கிலத்திலுமாகக் கதைப் புத்தகங்கள் செய்தார்கள். வீட்டு மொழிப் பகுதியில் பெற்றோரின் கையும் இருந்தது. இங்கே பல ஆசிரியர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். உங்கள் கையெழுத்து வகுப்புச் சுவரில் தொங்கினால், அம்மாவுக்கு எழுதத் தெரியும் என்று அவனுடைய நண்பர்களுக்கும் தெரியும்.

எழுத்துப் பற்றி ஒன்று. தமிழில் 'ப' ஒன்றுதான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு எழுத்து, இரண்டு ஒலி. பன்றிக்கான ஆங்கிலச் சொல்லையும் 'பெரிய' என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்'தான். க, ச, ட, த எல்லாவற்றிலும் இதே கதை. ஆகவே தமிழ்ப் பிள்ளை ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் அது கவனக் குறைவு அல்ல, தன் மொழியின் கணக்கைச் சரியாகப் போடுகிறது. மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, இது தெரிந்திருக்க வாய்ப்பும் குறைவு. மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லிவிடுங்கள். அப்புறம், எழுதியபடியே வாசிக்கும் மொழியில் வளர்ந்தவனுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் பெரிய ஏமாற்று வேலையாகத் தெரியும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது. 2023இலிருந்து ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகப் படிப்பிக்கும் வழியைத் திரும்பக் கொண்டு வந்திருக்கிறார்கள். உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு அது நல்ல காலம்.

அந்த இரவு ஒன்பது மணிக் கொப்பி வேலையை இன்றோடு விடுங்கள். சின்ன வகுப்புகளில் இங்கே வீட்டுவேலை மிகக் குறைவு. மிஸ் சோம்பேறி என்று நினைக்காதீர்கள், ஏழு வயதுப் பிள்ளைக்கு நித்திரைதான் முக்கியம் என்று நினைக்கிறார்கள். பின்னேரம் சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம், மேசையில் பக்கத்தில் இருந்து, அவன் கொண்டு வந்த புத்தகத்தைப் புரட்டினால் போதும். கணக்கில் உங்கள் 'கடன் வாங்கிக் கழித்தல்' முறையை அவன் "பிழை" என்பான். அவர்கள் கோடு கீறி, அதில் பாய்ந்து பாய்ந்து கழிப்பார்கள். கோபிக்காமல், "எனக்கு உன் முறையைச் சொல்லித் தா" என்று கேளுங்கள். எப்படி விடை வந்தது என்று விளக்குவதற்கும் இங்கே மதிப்பு உண்டு. உங்களுக்கு விளக்கினால் அந்தப் பயிற்சி அங்கேயே நடந்துவிடும்.

அடிமட்டத்தைப் பற்றி நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு மதிப்புக் கொடுத்து நானும் நேராகச் சொல்கிறேன். இங்கே பிள்ளையைப் பொருளால் அடிப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிள்ளைக்கு வீட்டில் தீங்கு நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால், சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை. விரும்பினால் செய்யலாம் என்றில்லை, செய்தே ஆக வேண்டும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒன்றிரண்டு தடவை கை மீறிய தாய், அது பிழை என்று தெரிந்து எழுதுகிறார். ஆனால் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆங்கிலம் என்றதும் அடி ஞாபகம் வருகிற பிள்ளை வகுப்பில் எப்படி வாய் திறப்பான்? அவனிடம், "அம்மா அடித்தது பிழை, இனி அடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். எங்கள் ஊர் அம்மாமாருக்கு அது கஷ்டம்தான்.

சந்திப்பில் உங்கள் கையில் ஓர் அறிக்கை இருக்கும். நவம்பர் அறிக்கையில் புள்ளி இருக்காது, மிக நன்றாக, நன்றாக, சிரமத்தோடு என்ற மூன்றில் எப்படி முன்னேறுகிறார் என்று மட்டும் இருக்கும். ஏ, பி, சி என்ற எழுத்துப் புள்ளி பெப்ரவரி, ஜூன் அறிக்கைகளில் வரும். அப்போது 'பி' வந்தால் தலையில் கை வைக்காதீர்கள். மாகாணம் எதிர்பார்க்கும் தரமே 'பி'தான், 'ஏ' என்பது அதற்கு மேல். இது தெரியாமல் 'பி'க்கு ஏச்சு வாங்கிய தமிழ்ப் பிள்ளைகள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பாடப் பெயருக்குப் பக்கத்தில் ஈ.எஸ்.எல். என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் அடையாளம் இருந்தால், அந்தப் பாடத்தில் அவனுக்கேற்ப எதிர்பார்ப்பை மாற்றி வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அடையாளம் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பெரிய கேள்வி.

கேட்பது என்று சொன்னதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்று தெரியும். நாங்கள் வாத்தியார் முன்னால் பேசாமல் நிற்பதை மரியாதை என்று பழகினவர்கள். இங்கே மிஸ் உங்கள் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் தலையாட்டிவிட்டு வந்தால், "இந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது" என்றோ, அதைவிட மோசமாக, "அக்கறை இல்லை" என்றோ முடிவு கட்டிவிடுவார். நீங்கள் அவர் சொல்லட்டும் என்று காத்திருக்க, அவர் நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருக்க, பதினைந்து நிமிடம் முடிந்துவிடும். அப்படி முடிந்த சந்திப்புகளுக்கு என்னிடம் கணக்கே இல்லை. ஆகவே கேள்விகளைத் தமிழில் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அவன் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறான், மதியம் யாரோடு சாப்பிடுகிறான்; ஈ.எஸ்.எல். மிஸ் வாரத்தில் எத்தனை தடவை அவனைப் பார்க்கிறார். கதைக்காமல், காட்டியோ வரைந்தோ பதில் சொல்ல விடுகிறார்களா. அடுத்த தடவை எப்போது சந்திக்கலாம் என்பதைக் கேட்காமல் எழும்பாதீர்கள்.

இன்னொன்று, பல குடும்பங்கள் கேட்கத் தெரியாமல் விடுவது. இங்கே வருடத்தில் ஆறு தடவை நெருப்பு ஒத்திகை நடக்கும், மணி காதைப் பிளக்கும். இரண்டு தடவையாவது 'லொக்டவுன்' ஒத்திகை. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளை மூலையில் சத்தமில்லாமல் இருத்துவார்கள். வழியில் அவன் எங்கெல்லாம் சத்தமில்லாமல் இருட்டில் இருந்திருக்கிறானோ எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒத்திகைக்கு முதல் நாளே உங்களுக்குச் சொல்லவும், அந்த நேரம் ஒரு பெரியவர் அவன் பக்கத்தில் இருக்கவும் கேளுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை, "இவன் பயப்படுவான்" என்றால் போதும். அந்த நாளில் உங்கள் கைபேசிக்கு மெசேஜ் வந்தால் நீங்களும் பதறாமல் இருக்கலாம்.

உங்களுக்கும் வகுப்பு இருக்கிறது. மத்திய அரசின் 'லிங்க்' என்ற ஆங்கில வகுப்பில் கோரிக்கையாளர்களைச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் மாகாணப் பணத்தில் கல்விச் சபைகள் நடத்தும் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்கு நீங்கள் போகலாம். குடியமர்வுச் சேவைகளிலும் இதே மாதிரிதான். சில இடத்தில் கேஸ் முடிந்த பிறகு வா என்பார்கள், அடுத்த கதவில் எடுப்பார்கள். முதல் கதவிலேயே மனம் விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமைகளில் கல்விச் சபை நடத்தும் தமிழ் வகுப்பும் உண்டு. தமிழ் படிப்பதைவிட, அங்கே அவன் சத்தமாகக் கதைப்பான் என்பதற்காகவே நான் சிபாரிசு செய்வேன். கணவரை இதில் கழித்துவிடாதீர்கள். இரவு வேலை செய்கிற அப்பா ஒருவர் இடைவேளையில் ஐந்து நிமிடக் கதையைக் கைபேசியில் பதிந்து வீட்டுக்கு அனுப்புவார், பின்னால் மெஷின் சத்தத்தோடு. அவருடைய பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பார்கள்.

கடைசியாக மகள். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டு ஒன்றும் எழுதவில்லை, ஆனால் "அங்கே விளையாட்டுத்தானே" என்று நினைத்திருப்பீர்கள். ஓம், விளையாட்டுத்தான். மண்ணில் அளப்பதும், கடை வைத்து விற்பதும், கட்டையை அடுக்குவதும்தான் அந்த வயதுக்குக் கணக்கும் மொழியும். அவளுக்கு ஏ, பி, சி சொல்லிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். இருபத்தைந்துக்குக் கிட்டப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், பனிக்காலத்தில் மிஸ்மார் உண்மையில் தவிப்பது வேறு விஷயத்துக்கு. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை அவளாகத் திறக்கப் பழக்குங்கள். திறக்க முடியாத பெட்டிக்குள் இருக்கும் புட்டு அப்படியே வீட்டுக்கு வரும். வீட்டில் கட்டிலில் இருத்தி, உடுப்புப் போடும் வரிசையை விளையாட்டாகப் பத்துத் தடவை செய்யுங்கள். முதலில் ஸ்நோ பான்ட், பிறகு சப்பாத்து, பிறகு ஜக்கெற், பிறகு தொப்பி, கையுறை கடைசி. கையுறையை முதலில் போட்ட பிள்ளையால் சிப்பை இழுக்க முடியாது, மற்ற எல்லாரும் வெளியே போன பிறகும் வாசலில் நின்று அழும்.